ஆடு வாய் வைக்காத இடம்

திரையில் மூன்று கல்லூரிப் பையன்கள் ஒரு பிணத்தைப் பாயில் சுருட்டி ஆட்டோவில் ஏற்றத் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். எப்படி மடக்கினாலும் கால் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. கோவில்பட்டி தியேட்டரே குலுங்கிச் சிரித்தது. என் மனைவிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீரே வந்துவிட்டது. நானோ தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே வந்தவன், படம் முடியும்வரை உள்ளே போகவில்லை. நாங்களும் மூன்று பேர்தான். எங்களுக்கு வாய்த்தது பிணமல்ல, ஒரு கிடா.

தொண்ணூறுகளில் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தோம். ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு மத்தியானம், நண்பனின் மாமா பைக்கை அவருக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு நாகலாபுரம் சாலையில் போனோம். லைசென்ஸ் ஒருவனுக்கும் இல்லை. ஓட்டியவன் நான். உடைமர நிழலிலிருந்து குறுக்கே வந்த கிடா அடிபட்டு விழுந்து, இரண்டு முறை கால் உதறி அடங்கியது. கொம்பில் மஞ்சள் வண்ணம், கழுத்தில் வெண்கல மணி. சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடா என்று தெரிந்ததும் யாராவது பார்த்தார்களா என்று சாலையின் இரு பக்கமும் பார்த்தோம்.

பக்கத்துத் தரிசில் புதைத்தோம். ஈரக் கரிசல் காலில் அப்பி, ஆளாளுக்கு யானைக்கால் வந்ததுபோல் நடந்தோம். இழுக்க இழுக்க மணி அடித்ததால் அதைக் கழற்றி என் பையில் போட்டேன். மறுநாள் வகுப்பில் பையை நகர்த்தியபோது அது கிணுகிணுத்தது. வாத்தியார் பாடத்தை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியே ஆட்டைத் தேடினார். வகுப்பே சிரித்தது, நாங்களும் சிரித்தோம். அன்று மாலையே மணிக்குள் பஞ்சை அடைத்துப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டேன்.

கிடாவை ஊரார் கீதாரியின் பொறுப்பில்தான் விட்டிருந்தார்கள். கீதாரி என்றால் ஆடு மேய்ப்பவர்களுக்குத் தலைவர். அவர்தான் கறிக்கு விற்றுவிட்டார் என்று ஊர் முடிவு கட்டியது. பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டுவந்ததைக் கேட்டு எனக்கு இது தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

சித்திரையில்தான் உறைத்தது. கரிசல் வெயிலில் பிளக்கும். இந்த மண்ணில் பிறந்த மூன்று பேரும் அதை மறந்திருந்தோம். மற்ற இருவரும் வர மறுக்க, உச்சி வெயிலில் தனியாகப் போனேன். தரிசெங்கும் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. ஆடுகள் தலையைத் தாழ்த்தி நெருக்கியடித்து நின்றன. நடுவில் மட்டும் ஒரு கிடா படுக்கும் அளவுக்கு வெற்றிடம். அந்த வெடிப்பிலிருந்து மஞ்சள் கொம்பு விரல் நீளத்துக்கு எட்டிப் பார்த்தது. அத்தனை ஆடுகள் நின்றும் ஒரு சத்தமில்லை.

அருகே கம்பை ஊன்றி உட்கார்ந்திருந்த கீதாரி திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"மணியக் கொண்டாந்தியா தம்பி?"

வெடிப்புகளைத் தாண்டி அவர் பக்கத்தில் போய் நின்றேன். அவரே தொடர்ந்தார்.

"தை மாசத்துலயே தெரியும். இந்த எடத்துல ஆடு வாய வைக்கல. நானே தோண்டிக் காட்டுனா நானே பொதச்சேம்பாவ. பொதச்சவன் ஒரு நாளு பாக்க வருவாம்லா, அதான் தெனமும் இங்கன வந்து ஒக்காருதேன்."

பிறகுதான் என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்குத் தேவலை.

"எம் மவளப் பொண்ணு பாக்க வந்தவிய, களவாணி வீடான்னு பாதி வழிலயே திரும்பிட்டாவ. நீ ஊருக்குள்ள வந்து ஒரு வார்த்த சொல்லு. ஒன்ன அடிக்க விடமாட்டேன்."

"பரீட்சை முடிஞ்சதும் வாரேன் அண்ணாச்சி" என்றேன்.

"நல்லா எழுதுப்பா" என்றார்.

நன்றாகத்தான் எழுதினேன். கடைசித் தாள் முடிந்த அன்றே மதுரைக்கு ரயிலேறிவிட்டேன். அவர் அந்த வெயிலில் இன்னும் எத்தனை நாள் உட்கார்ந்திருந்தார் என்று யாரிடமும் கேட்க எனக்கு இன்றுவரை தைரியமில்லை.