ஏ முதல் இஸட் வரை ஒரு மழைக்காடு

தொம்மலூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி தன் வளாகத்துக்குள்ளேயே மழைக்காடு வளர்க்கிறது. நாளைக்குத் திறப்பு விழா. காட்டில் எந்த மரத்துக்குப் பக்கத்தில் எந்த மரம் முளைக்கிறது என்று வருஷக்கணக்காக அளந்துகொண்டிருப்பவன் நான் என்பதால், பார்த்துச் சொல்லச் சொல்லிக் கோவையிலிருந்து வரவழைத்திருக்கிறார்கள்.

போன வருஷம் நட்ட கன்றுகள் பிரேயருக்கு நிற்கும் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு வரிசைக்கும் முன்னால் ஓர் ஆங்கில எழுத்து. 'ஏ'யில் அர்ஜுனா, அதாவது மருதம்; 'பி'யில் பேம்பூ.

"விசிட்டர்ஸ் ஈஸியா கண்டுபிடிச்சிடுவாங்க சார்," என்கிறார் தோட்டத்துக்குப் பொறுப்பான செல்வராஜ். இந்தக் கன்னட ஊரிலேயே பிறந்த தமிழர்.

"காட்டுல எல்லாம் கலந்துதானேங்க இருக்கும்?"

"அதனாலதான் சார் அங்க போனா யாருக்கும் ஒண்ணும் புரியறதில்ல."

குனிந்து பார்க்கிறேன். அர்ஜுனா அடியில் விரல் நீளத்துக்கு ஒரு சந்தனக் கன்று. ஏதோ பறவை போட்ட விதை. சந்தனத்தின் வேர் இன்னொரு மரத்தின் வேரைப் பிடித்துக்கொண்டுதான் பிழைக்கும். இடம் பார்த்து முளைத்திருக்கிறது. இந்த வளாகத்தில் காடு என்று சொல்ல இது ஒன்றுதான் இருக்கிறது.

"செல்வராஜ், இங்க பாருங்க, சந்தனம்!" என்று கத்தியேவிடுகிறேன்.

அவர் முகம் மாறுகிறது. "சேண்டல் எஸ்-லல்ல சார் வரணும்?" வேரோடு பிடுங்கி எறிகிறார். "நல்லவேளை காட்டினீங்க, நாளைக்கு மானம் போயிருக்கும். வேற எங்கயாவது தப்பு இருந்தாலும் சொல்லிடுங்க சார்."

'எம்' வரிசையில், மாங்கன்றுக்குக் கீழே இன்னொன்று தெரிகிறது. நான் வானத்தைப் பார்த்தபடி, இன்றைக்கு மழை வருமா என்று அவரிடம் விசாரிக்கிறேன்.