ஒரு லிட்டர் ரவை

யாருமே கண்டுபிடிக்காத தவறு, செய்தவருக்கு மட்டும் தெரிந்துவிட்டால் அதை என்ன செய்வது? அறிவுச்செல்வியின் முப்பத்தாறாவது வயதில், ஓர் ஆடி மாதம் இந்தக் கேள்வி அவள் முன்னால் வந்து நின்றது.

வடமதுரைக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் காலை உணவு சமைப்பவள் அவள். நாற்பது பிள்ளைகள். ஆளுக்கு ஐம்பது கிராம் என்று இரண்டு கிலோ ரவை. தராசு பழுதான நாளிலிருந்து, எண்ணெய் அளக்கும் லிட்டர் குவளையால் இரண்டு குவளை ரவையை அள்ளிப் போட்டு வந்தாள். லிட்டர் என்றால் கிலோ என்று நினைத்தாள். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

தண்ணீரையும் அதே குவளையால் அளந்ததால் உப்புமாவின் பதம் பிசகவில்லை. கட்டி தட்டவில்லை, குழையவும் இல்லை. பிள்ளைகள் தட்டை விரலால் வழித்துத் தின்றார்கள்.

“ஏத்தா, கையில என்னத்தத் தடவிட்டு வந்த? தட்டையும் கடிச்சிரும்போல இதுக” என்றாள் கூடச் சமைக்கும் கருப்பம்மாள்.

அறிவுச்செல்விக்குப் பெருமையாக இருந்தது. பன்னிரண்டு பள்ளி நாட்கள் அந்தப் பெருமை நீடித்தது.

பதின்மூன்றாம் நாள், காலியாகியிருக்க வேண்டிய மூட்டையில் மூன்றில் ஒரு பங்கு ரவை கிடந்தது. ஒரு குவளை ரவையோடு ராயப்பராஜின் மளிகைக் கடைக்குப் போனாள். தராசு அறுநூற்றுத் தொண்ணூறு கிராம் காட்டியது.

“தராசு சரியாண்ணே?”

“தண்ணிய ஊத்திப் பாரும்மா, கிலோ காட்டும். ரவைக்கு நடுவுல காத்தும் இருக்குல்ல? சேமியாவ அளந்து பாரு, இன்னும் மோசம்.”

பதம் சரியாக இருப்பதே அளவின் குறையை மறைத்துவிடும். புத்தகத்தில் படித்தால் இது சின்ன விஷயம். அவளுக்கு அது நாற்பது வயிறுகள்.

அன்றே அரிசி, பருப்பு, சேமியா எல்லாவற்றையும் அந்தக் கடையில் நிறுத்துப் பார்த்தாள். உயரமான ஒரு பாத்திரத்தில், ஒவ்வொன்றும் ஒரு கிலோவுக்கு எதுவரை வருகிறது என்று நகப்பூச்சால் கோடு போட்டாள். தட்டித் தட்டி நிரப்பினால் ரவை இறங்கி எடை மாறுகிறது. தட்டக் கூடாது என்று தனக்கே விதி வைத்துக்கொண்டாள். மறுநாள் இரண்டு தட்டுகளில் உப்புமா மிச்சம் இருந்தது. அதைப் பார்த்துத்தான் அவளுக்கு மூச்சு வந்தது.

“இருக்குற ரவையக் கூடக் கூடப் போட்டுத் தீத்துருவோம். வெளிய சொல்லி வேலைக்கு உலை வச்சிராத” என்றாள் கருப்பம்மாள். அறிவுச்செல்வி தலைமையாசிரியை ஐரினிடம் போய்ச் சொன்னாள். அவரும், “சரிபண்ணிட்டீங்கள்ல, விடுங்க. புதுத் தராசுக்கு எழுதுறேன்” என்றுதான் சொன்னார்.

அந்த வாரம் பெற்றோர் கூட்டம். தண்ணீர்த் தொட்டியைப் பற்றிப் பேசி முடித்து எல்லோரும் எழப் போனார்கள். அறிவுச்செல்வி பின்னாலிருந்து முன்னே வந்தாள்.

“பன்னெண்டு நாளா ஒங்க புள்ளைகளுக்கு மூணுல ஒரு பங்கு கொறச்சுப் போட்டுட்டேன். தெரியாமத்தான். ஆனா செஞ்சது நான்.”

இரண்டாம் வகுப்புப் பையனின் அம்மா பானுப்ரியா எழுந்தாள். “சாயங்காலம் பசி பசின்னு வந்து நின்னான். சேட்ட பண்றான்னு அடிச்சேனே, பாவி!” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நாளைக்குக் காலையில நான் வந்து பாப்பேன்” என்றாள்.

“வாங்க.”

வந்தாள். கோட்டைப் பார்த்தாள், தானே அள்ளிப் போட்டுப் பார்த்தாள். அடுத்த வாரம் வேறு இரண்டு பேர் வந்தார்கள். வேலையை விட்டு நிறுத்த வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. இப்போது முறைவைத்து ஒருவர் வந்து நிற்கிறார்.

மூடியிருந்ததை ஏன் திறந்தாய் என்று கருப்பம்மாள் இன்றும் கேட்கிறாள்.

“கிண்டுங்க மதினி, அடிப்பிடிச்சிரும்” என்கிறாள் அறிவுச்செல்வி.