அவிழாத முடிச்சு

பராமரிப்புப் பகுதியை மேற்பார்க்கும் போர்மனின் பெயர், ஏதாவது பழுதாகும் நாளில்தான் பிறருக்கு நினைவுவரும். திருகோணமலையிலிருந்து மூதூருக்குப் போகும் லோஞ்சுப் படகுகளின் இறங்குதுறையில் எனக்கு அந்த உத்தியோகம். பொருள்களைப் பொறுப்பேற்றுக் காக்கும் அன்பர்களே, என் வெட்கத்தில் உங்களுக்கும் பங்கிருக்கக்கூடும், கேளுங்கள்.

மேற்பூச்சு

தண்ணீரில் விழுந்தவருக்கு எறிவதற்காக லோஞ்சின் பக்கத்தில் ஒரு மிதவை வளையம் கட்டப்பட்டிருந்தது. மேலதிகாரி பார்வையிட வரும்போதெல்லாம் அதற்குச் சிவப்பும் வெள்ளையும் பூசுவோம். அவிழ்த்துப் பூசினால் மறுபடி கட்டவேண்டுமே என்று, கயிற்றோடும் முடிச்சோடும் சேர்த்தே பூசச் சொல்வேன். பூச்சுக்காரர் செபமாலை ஒருமுறை தயங்கினார், நான் அவசரப்படுத்தினேன். அதிகாரி வந்து வளையத்தைத் தட்டிப் பார்த்தார். பிறகு என் தோளையும் தட்டினார்.

"பராமரிப்பு எண்டால் இதுதான் காணும்!"

விழுந்தவர்

மூதூர் அரிசி வியாபாரி காசிம், அண்ணன் முறையில் எங்களுக்கெல்லாம் காசிம் காக்கா, லோஞ்சில் ஏறும்போது கால் வழுக்கிக் கடலில் விழுந்தார். நீந்தத் தெரியாதவர். நான் வளையத்தைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. பூச்சின்மேல் பூச்சாக இறுகி, முடிச்சு கல்லாகியிருந்தது. நகம் பிய்ந்ததுதான் மிச்சம். "கத்தி, கத்தி" என்று நான் அலறிக்கொண்டிருக்க, செபமாலை வெறுமையான எண்ணெய்க் கலனொன்றைத் தூக்கி எறிந்தார். அதைக் கட்டிப்பிடித்தே அந்த மனிதர் கரையேறினார்.

தலையிலிருந்து நீர் வழிய நின்று, வளையத்தை ஏறிட்டுப் பார்த்தார். "போர்மன், வளையம் நல்ல வடிவு. எனக்கும் ரெண்டு பூச்சுப் பூசி விடுங்க, அடுத்த முறை நானும் மிதப்பன்."

வீட்டுக் கதிரை

அன்று வீடு திரும்பியபோது, முழங்கால் வலிக்காரரான என் தந்தையார் வழக்கம்போல் பாயில் சுவரோடு சாய்ந்திருந்தார். நான் மெருகேற்றி, விரிப்பால் மூடிவைத்த தேக்கங்கதிரை, உட்கார ஆளின்றி விறாந்தையில் வெறுமையாகக் கிடந்தது. நடந்ததைச் சொன்னேன். என் மனைவி கேட்டுக்கொண்டே விரிப்பை உருவி எறிந்தாள்.

"உங்களுக்குச் சாமானைப் பழுதாகாமல் வைச்சிருக்கத் தெரியும், ஆருக்கெண்டு வைச்சிருக்கிறீங்கள் எண்டதுதான் தெரியாது. மாமா, எழும்பி வந்து இதில இருங்கோ!"

மீண்டும் அதிகாரி

மறுநாளே பழைய கயிற்றை வெட்டியெறிந்து, இழுத்தவுடன் அவிழும் சுருக்கொன்று போட்டேன். அன்பர்களே, பொருளைப் பேணுவது வேறு, அது யாருக்காக இருக்கிறதோ அவரைப் பேணுவது வேறு என்று அன்று முழுமையாகக் கற்றுவிட்டதாக நினைத்தேன். காசிம் காக்கா அப்படி நினைக்கவில்லை. ஒவ்வொரு பயணத்திலும் அமருமுன் கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். விழுந்த வளையத்தை, பயணிகள் எல்லோரும் பார்த்திருக்க, நான் குனிந்து எடுத்துக் கட்டுவேன்.

சில மாதங்களில் அதே அதிகாரி வந்தார். வளையம் பளபளத்தது, கயிறு மட்டும் கறுத்துக் கிடந்தது. "ஏன் காணும் இதைப் பூசாமல் விட்டனீர்?" என்றார். சொல்லவே நாணுகிறேன்: "இப்பவே பூசுறன், ஐயா" என்று என் வாய் சொல்லிவிட்டது. செபமாலை தூரிகையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். அந்நேரம் ஏறவந்த காசிம் காக்கா, வழக்கம்போல் கயிற்றை இழுத்தார். வளையம் அதிகாரியின் சப்பாத்துக் காலின்மேல் விழுந்தது.

"மன்னிச்சுக்கங்க ஐயா. கயிறு ஊத்தைதான், ஆனா அவிழுது."

என் சேவைக்காலத்தில் நான் ஒழுங்காகப் பராமரித்ததென்று சொல்லத்தக்கது அந்த ஊத்தைக் கயிறு ஒன்றே. அதையும் என்னிடமிருந்து காப்பாற்றியவர் காசிம் காக்கா.