உள்ளங்காலுக்கு ஒரு பிடி மணல்

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால், தென்காசிப் பக்கத்துப் போலீஸ்காரர்களில் பாதிப் பேருக்கு அருவிக்கரை டூட்டி வந்துவிடுமோ என்று பயம் பிடித்துவிடும். நாள் முழுக்கச் சாரலில் நிற்க வேண்டும். விசில் ஊதி ஊதிக் கன்னம் வலிக்கும். பூட்ஸுக்குள் கால் ஊறி வெளுத்துப்போகும். எங்கள் அப்பா மட்டும் வருஷா வருஷம் அந்த டூட்டியைக் கேட்டு வாங்குவார்.

வாங்கிக்கொண்டு சும்மா நிற்பாரா என்றால் அதுவும் கிடையாது. பழைய பெயிண்ட் வாளி ஒன்றில் ஆற்று மணலை நிரப்பி, அருவிக்குப் போகும் வழியில் பக்கத்திலேயே வைத்துக்கொள்வார். மசாஜ் முடித்து, உடம்பெல்லாம் எண்ணெய் வழிய வருகிறவர்களை மறித்து நிறுத்துவார்.

"அண்ணாச்சி, இங்கன வாங்க. உள்ளங்கால்ல ஒரு பிடி மணலத் தேச்சு உதறிட்டுப் பொறவு போங்க."

சிலர் மரியாதைக்குத் தேய்ப்பார்கள். சிலர் சிரித்துக்கொண்டே நழுவுவார்கள். "ஏட்டையா, மணலுக்கு டிக்கெட் எவ்வளவு?" என்று ஒருவர் கேட்டதும், "எடது காலுக்கு ஃப்ரீ. வலது காலுக்கும் ஃப்ரீ. ஆஸ்பத்திரிக்குத்தான் துட்டு" என்று அப்பா சொன்னது நானே காதால் கேட்டது. ஊர்க்காரர்கள் அவருக்கு மணல் ஏட்டு என்று பேர் வைத்துவிட்டார்கள். அதோடு விட்டார்களா? இலஞ்சியில் எங்கள் பள்ளிக்கூடத்தில் நான் 'மணல் ஏட்டு மவ' ஆனேன். ஆறாம் வகுப்புப் படிக்கிற ஒருத்திக்கு அது எவ்வளவு பெரிய அவமானம் என்பதை ஆறாம் வகுப்பு படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வருஷம்தான் சமூக அறிவியல் டீச்சர் ஒரு கட்டுரைப் போட்டி வைத்தார். ஒரு சிறு முன்னெச்சரிக்கை எடுத்திருந்தால் வரலாறு எப்படி மாறியிருக்கும் என்பது தலைப்பு. புரியாமல் முழித்தோம். "ஒரு ராஜா முன்வாசலுக்கு ஆயிரம் காவலர் போட்டிருக்கான். பின்வாசல் தாழ்ப்பாளைப் போட மறந்துட்டான். எதிரி அந்த வழியா வந்துட்டான். தாழ்ப்பாளைப் போட்டிருந்தா நாடு யார் கையில இருந்திருக்கும்?" என்று டீச்சர் விளக்கினார். கேட்டதுதான் தாமதம், வகுப்பில் பாதிப் பேர் தாழ்ப்பாளையே எழுதுவதென்று முடிவு செய்துவிட்டார்கள்.

எனக்கு முதல் பரிசு வேண்டும். பரிசு வாங்கினால் பேராவது மாறுமே என்று ஒரு கணக்கு. அதனால் தாழ்ப்பாள் ஆகாது. எனக்கோ வேறு ராஜா யாரையும் தெரியாது. எழுந்து, "ராஜா வீட்டுல நடந்தாத்தான் வரலாறா டீச்சர்?" என்று கேட்டேன். "ஏன், உங்க வீட்டுல நடந்தாலும் வரலாறுதான்" என்றார் அவர். பாவம், ஏதோ ஒரு நல்ல மனசில் சொன்னது.

கடையத்திலிருந்து அத்தை வந்திருந்த நேரம் அது. அத்தை அப்பாவுக்கு அக்கா. சீசனுக்கு வந்தால் பத்து நாள் இருப்பாள். சனிக்கிழமை மத்தியானம் முருங்கைக்கீரையை உருவிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளிடம் போய், "அத்தே, நம்ம வீட்டுல ஏதாச்சும் வரலாறு நடந்திருக்கா?" என்றேன்.

"ஏன் நடக்காம? போன வருசம் ஒங்க அப்பன் பைக்கக் கால்வாய்க்குள்ள விட்டானே, அத எழுது."

"அது இல்லத்தே. ஒரு சின்ன விசயத்துல கவனமா இருந்திருந்தா, எல்லாமே மாறியிருக்கணும். அப்படி."

அத்தையின் கை கீரைக் காம்பிலேயே நின்றது. அவளுக்கு வாய் நிற்காது என்பது எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் அறிந்தது. "எனக்கு வாய்க்குத் தாழ் கிடையாதுட்டி, சாமி படைக்கும்போதே விட்டுட்டான்" என்று அவளே சொல்லிக்கொள்வாள். அன்றைக்கும் அப்படித்தான் ஆயிற்று.

எங்கள் வீட்டுக் கூடத்தில் மாலை போட்ட படமாக மட்டும் எனக்குத் தெரிந்தவர் பெரியப்பா. அப்பாவுக்கு ஒரே அண்ணன். அந்தப் பெரியப்பாவுக்குத்தான் அம்மாவை முதலில் நிச்சயம் செய்திருந்தார்களாம். இது எனக்குப் புதுச் செய்தி. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, எங்கள் பக்கத்து வழக்கப்படி, மாப்பிள்ளை தலை முழுகுவதற்கு நல்லெண்ணெயும் துண்டும் பெண் வீட்டிலிருந்து வந்தன. அண்ணனும் தம்பியும் குற்றாலத்துக்குப் போனார்கள். பெரிய அருவியில் கூட்டம். அதனால் மேலே ஒரு தோட்டத்துக்குள் இருந்த சின்ன அருவிக்கு ஏறிப் போனார்கள்.

"உச்சந்தலையிலேருந்து உள்ளங்கால் வரைக்கும் தேச்சுவுட்டது ஒங்க அப்பன்தான். கல்யாண மாப்பிள்ளல்லா, பளபளன்னு இருக்கணும்னு கேலி பேசிக்கிட்டே தேச்சானாம். அந்தக் காலோட அவரு பாறையில ஏறிட்டாரு." அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு பிடி மணலத் தேச்சிருந்தாப் போதும் கேட்டியா. ஒரே ஒரு பிடி."

பெண் ராசியில்லாதவள் என்று அப்புறம் ஊர் பேசியதாம். அம்மாவைக் கேட்டு ஒருவரும் வரவில்லை. வருஷம் ஒன்று போனபின், அப்பாவே அந்த வீட்டுக்குப் போய் நான் கட்டிக்கிடுதேன் என்றாராம்.

"எண்ணெய் தேச்சுவுட்டது யாருன்னு ஒங்க அம்மைக்குத் தெரியாது. அவரே தேச்சுக்கிட்டாருன்னுதான் நெனச்சிக்கிட்டிருக்கா. அன்னைக்கு ஒங்க அப்பன் அழுதழுது எங்கிட்ட மட்டும் சொன்னான். எவகிட்டயாவது சொன்ன, தோல உரிச்சிருவேன்."

சொல்லக் கூடாது என்றாள். எழுதக் கூடாது என்று சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே எழுதி முடித்துவிட்டேன். ஒன்றுக்குப் பின் ஒன்றாக வரலாறு என் கையில் மாறிக்கொண்டே போனது. பெரியப்பா காலில் மணல் தேய்த்திருந்தால் விழுந்திருக்க மாட்டார். விழாமல் இருந்தால் அம்மாவைக் கட்டியிருப்பார். அம்மா எனக்குப் பெரியம்மா ஆகியிருப்பாள். அப்பா போலீஸில் சேராமல், அவர் ஆசைப்பட்டபடி கேரளாவுக்குப் போய் லாரி ஓட்டியிருப்பார். நான் பிறந்தே இருக்க மாட்டேன். இந்த இடத்தில் எனக்கு லேசாகத் தலை சுற்றியது. கட்டுரையை எழுதுகிற ஆளே இல்லையென்றால் பரிசு யாருக்குப் போகும்? அந்தப் பயத்தில்தான் முடிவுரையை அப்படி எழுதினேன் என்று இன்றைக்குத் தோன்றுகிறது.

ஞாயிற்றுக்கிழமை விளக்கு வைக்கிற நேரம் அப்பா நனைந்த யூனிஃபார்மோடு வந்தார். மத்தியானம் சாப்பிடவில்லை என்று சொல்லவும் அம்மா உடனே சோறு போட்டாள். மறுநாள் வகுப்பில் வாசிக்க வேண்டும். ஒத்திகை பார்த்துக்கொள்ளலாமென்று, அத்தை குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து நோட்டோடு வந்து நின்றேன்.

"வாசி வாசி, கேப்போம்" என்றார் அப்பா, சோற்றைப் பிசைந்துகொண்டே.

கணீரென்று வாசித்தேன். "என் பெரியப்பாவுக்கு உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்துவிட்டவர் என் அப்பா ஆவார்" என்ற வரியில் சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அம்மா, டம்ளர் நிறைந்ததைப் பார்க்காமல் ஊற்றிக்கொண்டே இருந்தாள். நான் நிறுத்தவில்லை. நடுவில் நிறுத்தினால் மதிப்பெண் குறைப்பார்கள். "ஆகவே, என் பெரியப்பா அன்று மணல் தேய்க்காமல் இருந்ததே நல்லதாகப் போயிற்று" என்று முடித்துவிட்டுக் கைதட்டலுக்கு நிமிர்ந்தேன்.

தரையெல்லாம் தண்ணீர். குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்த அத்தை, என் கையில் நோட்டையும் அவர்கள் முகத்தையும் பார்த்துக் கதவிலேயே நின்றுவிட்டாள். அப்பா எச்சில் கையோடு எழுந்தார்.

"ஒக்காருங்க" என்றாள் அம்மா. "சோறு பாதியில இருக்கு."

அவர் உட்கார்ந்தார். சாப்பிடவில்லை.

"இத்தன வருசமா இதையா உள்ள வச்சிக்கிட்டிருந்தீக?"

"சொல்லணும்னுதான் ஒங்க வீட்டுக்கு வந்தேன்." அப்பாவின் குரல் விசில் ஊதுகிற மனிதரின் குரலாக இல்லை. "வாசல்ல ஒன்னப் பாத்ததும் அது வாயில வரல. கட்டிக்கிடுதேன்னுதான் வந்துது. கல்யாணத்துக்குப் பொறவு சொல்லிருவோம்னு பாத்தேன். சொன்னா நீ எங்கூட இருப்பியோ மாட்டியோன்னு ஒரு பயம். அப்படியே பன்னெண்டு வருசம் ஓடிப்போச்சு." சோற்றைப் பார்த்துக்கொண்டே, "இப்பவும் அந்தப் பயந்தான்" என்றார்.

அம்மா என் கையிலிருந்த நோட்டை வாங்கி, விளக்குக்கு நேராகப் பிடித்துத் தொடக்கத்திலிருந்து தானே படித்தாள். அத்தனை நேரம் எடுத்து என் கையெழுத்தை யாரும் படித்ததில்லை. அப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அடி விழப்போகிறது என்று நான் கதவுப் பக்கம் ஒதுங்கி, அத்தை அங்கே நிற்பதைப் பார்த்து மறுபடியும் உள்ளே வந்தேன். இரண்டு பக்கமும் ஆபத்து.

"ஏட்டி, இதுல ஒண்ணு விட்டுப்போச்சு" என்றாள் அம்மா.

"என்னம்மா?"

"சீயக்கா. எண்ணெயோட சீயக்காயும் குடுத்துவிடணும். நான்தான் பையக் கட்டினேன். எண்ணெய வச்சேன், துண்ட வச்சேன், சீயக்காப் பொட்டலத்த அடுப்பாங்கரையிலேயே விட்டுட்டேன். பை போன பொறவு பாத்தேன். பின்னாலேயே ஆள ஓடவிட்டிருக்கலாம். குற்றாலத்துல கெடைக்காத சீயக்காயான்னு சும்மா இருந்துட்டேன்." அவள் இதை அப்பாவைப் பார்த்துச் சொன்னாள். "சீயக்கா இருந்திருந்தா, கீழ ஓடையிலயே கால நல்லாக் கழுவிட்டுத்தான ஏறியிருப்பாக? இத நான் எங்க அம்மைகிட்டக்கூடச் சொன்னதில்ல."

"நாங்க சீயக்காயத் தேடவே இல்லியே" என்றார் அப்பா அவசரமாக. "பையில என்ன இருக்குன்னே பாக்கல. எண்ணெய மட்டும் எடுத்தோம். நீ என்ன செய்வ?"

"நீங்க மட்டும் என்ன, விழட்டும்னா தேச்சீக? அண்ணனுக்கு ஆசையாத் தேச்சுவுட்டீக."

கதவருகே அத்தை சத்தமாக மூக்கைச் சிந்தினாள். அம்மா நோட்டை என்னிடம் நீட்டி, கடைசி வரியை விரலால் தொட்டுக் காட்டினாள். "இத மட்டும் அடிச்சிரு."

"முடிவுரை இல்லேன்னா மார்க் குறைப்பாங்கம்மா."

"குறைக்கட்டும்."

அடித்தேன். ஆனால் அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. தலைப்பில் தெளிவாக 'ஒரு சிறு முன்னெச்சரிக்கை' என்று போட்டிருக்கிறது. இப்போதோ மணல், சீயக்காய் என்று இரண்டாகிவிட்டது. யாருடையதை எழுதுவது என்று அவர்களிடமே கேட்டேன்.

"என்னோடத எழுது தாயி" என்றார் அப்பா.

"நீங்க சும்மா இருங்க. ஏட்டி, என்னோடத எழுது" என்றாள் அம்மா அதே மூச்சில்.

"நான் தேச்ச எண்ணெயிலதான் வழுக்கிச்சு."

"நான் குடுத்துவிட்ட எண்ணெய்."

இருவரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. அம்மாவுக்குக் கண்ணெல்லாம் நிறைந்துவிட்டது. அப்பா எச்சில் கையை மறந்து மறு கையால் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டே வாதாடினார். பரிசு வாங்கப்போகிற கட்டுரையில் தன் பேர்தான் வர வேண்டும் என்று பெரியவர்களுக்குக்கூட இத்தனை ஆசையா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. யார் ஜெயிக்கிறார்களோ அவர்களை எழுதிக்கொள்ளலாமென்று, பேனாவை மூடிவிட்டுக் காத்திருந்தேன்.