மீன் தின்னாத பூனை

எனக்குப் பூனை பிடிக்காது என்று என் மகள் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அநியாயம். எனக்கு மனுஷர்களையே அவ்வளவாகப் பிடிக்காது. பூனையை மட்டும் தனியாக ஒதுக்கியது கிடையாது.

அந்த மகள்தான் ஒரு நாள் பெங்களூரிலிருந்து கூடையும் கையுமாக வந்து இறங்கினாள். புது வேலை, புது விடுதி, அங்கே பூனைக்கு இடமில்லையாம். கூடைக்குள் ஒரு அபிசீனியன் ஜாதிப் பூனை. கருப்பட்டி நிறம், முகத்துக்குப் பொருந்தாத பெரிய காது, குச்சிக் கால். எங்கள் வம்சத்திலேயே காசு கொடுத்துப் பூனை வாங்கிய முதல் ஆள் இவள்தான்.

"ரொம்பப் பாசக்காரிம்மா. ஆனா தனியா மட்டும் விட்டிராதீங்க" என்றாள்.

அதற்கு என்னவோ ஒரு இங்கிலீஷ் பெயர் வைத்திருந்தாள். என் வாயில் நுழையவில்லை. எங்கள் ஊரில் பெண்களைக் கூப்பிடுகிற மாதிரி "ஏளா" என்று கூப்பிட்டேன், திரும்பிப் பார்த்தது. அதோடு பெயர் சூட்டு விழா முடிந்தது. என்ன, மாடி ஜன்னலோரம் நின்று நான் "ஏளா" என்று கத்தினால் தெருவில் போகிற பெண்கள் பாதிப் பேர் அண்ணாந்து பார்ப்பார்கள்.

ஆபீசுக்கு லீவு போட்டு ஒரு வாரம் கூடவே இருந்தேன். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. நான் தேங்காய் திருவினால் அது பிரிட்ஜ் மேலிருந்து மேற்பார்வை பார்க்கும். பீரோவைத் திறந்துகொண்டு உள்ளே போய் என் சேலைகள் மேல் படுக்கும். குளியலறைக் கதவைச் சாத்தினால் வெளியே நின்று ஒப்பாரி வைக்கும். ஒரு குச்சியில் கோழி இறகைக் கட்டி ஆட்டினால் சுவரில் பாதி உயரம் ஓடி ஏறும். நாளெல்லாம் அதை ஏசிக்கொண்டே இருந்தேன், நாளெல்லாம் சந்தோஷமாகவும் இருந்தேன்.

லீவு முடிந்தது. நான் வேலை பார்ப்பது தூத்துக்குடி துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில். காலையில் போனால் சாயங்காலம்தான் வரவு. என் வீட்டுக்காரர் கப்பல் இன்ஜினியர், வருஷத்தில் பாதி கடலோடு. கடற்கரைத் தெருவில் எங்கள் மாடிவீட்டுக் கதவு எப்போதும் பூட்டியே கிடக்கும். யாரும் வருவதில்லை. வந்தவர்களோடெல்லாம் நான் சண்டை போட்டு முடித்திருந்தேன்.

பூனை சாப்பாட்டை நிறுத்திவிட்டது. வைத்துவிட்டுப் போன பூனை பிஸ்கட் வைத்தபடியே இருந்தது. கதவைத் திறந்தால் என் காலடியில் வந்து சுருண்டு படுத்துக்கொள்ளும், விளையாடாது. முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட ஆரம்பித்தது. மகளுக்குப் போன் போட்டேன்.

"மதுரையில என் தோழி வீட்டுல ரெண்டு பூனை நிக்கி. ஞாயித்துக்கிழமை வந்து அங்க கொண்டு விட்டுருதேன். உங்களால முடியாதும்மா."

முடியாதாமே! போனை வைத்துவிட்டு அழுதேன், கோபத்தில் பாதி, பயத்தில் பாதி. இது இல்லாமல் இந்த வீட்டில் இனி என்னால் இருக்க முடியாது என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

கடற்கரையில் பிறந்தவளுக்குப் பூனை சாப்பிடவில்லையென்றால் என்ன தோன்றும்? மீன்தான். தெருவில் மீன்காரக்கா குரல் கேட்டது. ஒரு கூறு சாளை மீனை நாறிப்போனது என்று சொல்லி நான் முகத்தில் அடித்தாற்போல் பேசிய நாளிலிருந்து அவளும் நானும் பேச்சுவார்த்தை கிடையாது. மானத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு மாடியிலிருந்து கூப்பிட்டேன்.

"அக்கா, கொஞ்சம் நெத்திலி வேணும். பூனைக்கு."

"பூனைக்கா?" என்று சட்டியோடு மேலே ஏறி வந்தாள். நெத்திலியை நான் உப்புப் போடாமல் அவித்து, முள் எடுத்து வைத்தேன். பூனை மோந்து பார்த்தது. பிறகு முன்னங்காலால் தரையைப் பிறாண்டிப் பிறாண்டி, மண் போட்டு மூடுவதுபோல் பாவனை செய்தது.

"எம்மாதாவே! விடியக்காலம் பிடிச்ச நெத்திலிய மூடுதே!" என்று நெஞ்சில் கை வைத்தாள் அக்கா.

தெருவுக்கே மானப்பிரச்சினை ஆகிவிட்டது. கீழ்வீட்டு அண்ணாச்சி, இழுவைக் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சீலா மீன் துண்டோடு வந்தார். சங்கு குளிக்கிறவர் வீட்டுக்காரி கணவாய் கொண்டுவந்தாள். பூனை எல்லாவற்றையும் மோந்து, எல்லாவற்றையும் மூடியது.

மறுநாள் மாட்டாஸ்பத்திரி டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். வயிற்றை அமுக்கி, ரத்தம் எடுத்து, எல்லாம் பார்த்தார்.

"நோவு ஒண்ணுமில்ல மேடம். இந்த ஜாதிக்கு ஆள் வேணும். வீட்டுல நாலு பேர் நடமாடணும். தனியாக் கெடந்தா ஏக்கத்துல சாப்பிடாது."

நாலு பேருக்கு நான் எங்கே போவேன்? எரிச்சலோடு வீட்டுக்கு வந்தால், மாடிப்படியில் ஆளுக்கொரு கிண்ணத்தோடு காத்திருந்தார்கள். கதவைத் திறந்ததும் கூட்டமாக உள்ளே வந்தார்கள்.

"சாளைய மஞ்சப்பொடி போட்டு அவிச்சா தின்னும்."

"ஏன் அண்ணாச்சி, அது என்ன பிள்ளை பெத்தவளா, மஞ்சப்பொடி போட?"

மீனைச் சுற்றி உட்கார்ந்து அவர்கள் வாதாடிக்கொண்டிருக்க, பூனை ஒவ்வொருவர் காலிலும் உரசிக்கொண்டு வந்தது. அண்ணாச்சி மடியில் ஏறி, அவர் மீசையை முகர்ந்தது. பிறகு இறங்கி மூலைக்குப் போய், தன் பிஸ்கட்டைக் கறுக் கறுக்கென்று கடித்துத் தின்ன ஆரம்பித்தது. யாரும் கவனிக்கவில்லை, எல்லார் கண்ணும் சாளை மேலேயே இருந்தது. கிண்ணம் காலியாகிறவரை நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கூட்டம் கலைந்ததும் மீன்காரக்காவிடம் என் வீட்டுச் சாவி ஒன்றைக் கொடுத்தேன்.

"மத்தியானம் வித்து முடிச்சு படிக்கட்டுல உக்காந்துதான சாப்பிடுதீங்க? இனிமே உள்ள ஃபேனுக்கடியில உக்காருங்க. இவளுக்கும் தொணையா இருக்கும்."

அவள் சாவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "சாளைச் சண்டைய மறந்துட்டியா தங்கச்சி?"

"மறக்கல. அது நாறின சாளைதான்."

"நாறல."

"நாறிச்சு."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து எல்லாரும் எங்கள் வீட்டில் இருந்தபோது மகள் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வாசலிலேயே திகைத்து நின்றுவிட்டாள். எங்கள் வீட்டில் இத்தனை செருப்பை அவள் பார்த்ததில்லை. மீன்காரக்கா அவள் கையிலிருந்து கூடையைப் பிடுங்கினாள்.

"எங்க கொண்டு போற? ஒரு நெத்திலி இன்னும் தின்னல. தூத்துக்குடியில இருந்து மீன் தின்னாத பூனை வந்துருக்குன்னு மதுரைக்காரன் சிரிக்கவா? தின்ன வச்சிட்டு நாங்களே அனுப்புதோம், நீ போ."

மகள் என்னைப் பார்த்தாள். பூனை அண்ணாச்சி தோளில் உட்கார்ந்து அவர் காதை நக்கிக்கொண்டிருந்தது. அவள் சிரித்துக்கொண்டே அக்காவிடமிருந்து கூடையை வாங்கிப் பரண் மேல் போட்டாள்.

அதன்பின் தினமும் யாராவது ஒரு புது மீனோடு வருவார்கள். பூனை அவர்கள் மடியில் புரண்டு, மீனை மூடிவிட்டு, பிஸ்கட்டைத் தின்று கொழுத்தது. நானும்தான் சற்றுக் கொழுத்தேன். வருகிறவர்களுக்குக் காப்பி போட்டால் நாமும் ஒரு வாய் குடிக்கத்தானே வேண்டும்.

போன வாரம் ஒரு சாயங்காலம் வீட்டில் நானும் அதுவும் மட்டும் இருந்தோம். அவித்த நெத்திலியை வழக்கம்போல் ஒரு தட்டில் வைத்திருந்தேன். மோந்து பார்த்தது. ஒன்றை எடுத்துத் தின்றது. இன்னொன்று. தட்டையே நக்கித் துடைத்துவிட்டது. இது தெரிந்தால் இனி எதற்கு இவர்கள் படியேறி வரப்போகிறார்கள்?

மாடிப்படியில் காலடிச் சத்தம். முந்தானையால் அதன் வாயைத் துடைத்தேன், தட்டைத் தொட்டிக்குள் போட்டேன்.

"இன்னைக்காவது தின்னாளா?" என்றபடி மீன்காரக்கா உள்ளே வந்தாள்.

"எங்கக்கா? மோந்துட்டுப் போயிட்டா."

பூனை, படுபாவி, நேரே போய் அவள் மடியில் ஏறி, மூக்குக்கு நேராக வாயைத் திறந்து ஒரு கொட்டாவி விட்டது. காலமெல்லாம் மீன் விற்கிறவளுக்கு மீன் வாடையா தெரியாது? அக்கா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

அவள் பூனையை மடியில் இருத்திக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பி, கீழ்வீட்டுக்குக் கேட்கிற மாதிரிக் கத்தினாள்:

"அண்ணாச்சி! இன்னைக்கும் தின்னலையாம்! நாளைக்கு வெளமீன் வாங்கிட்டு வாங்க!"