உதவிக்கு வந்த விரல்

புக்கிட் ரோத்தான் பக்கம் எங்கள் தோட்ட மண்டபத்துக்கு, குழாயில் தண்ணீர் வராவிட்டால் புகார் அனுப்பும் செயலியைச் சோதிக்க ஓர் ஆராய்ச்சியாளர் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, மாறாத புன்னகை. சாதாரண மக்களுக்குக் கைப்பேசியில் எது சிரமம் என்று கண்டுபிடிப்பதுதான் அவர் வேலையாம். யாராவது கொஞ்சம் தடுமாறினால் போதும், அவருடைய விரல் குறுக்கே வந்து பொத்தானை அழுத்திவிடும்.

“கைய எடுங்க சார், நானே அமுக்கிப் பாக்குறேன்லா,” என்றேன்.

“பரவால்லக்கா, உங்களுக்கு எதுக்குச் சிரமம்?” என்று என் புகாரையும் அவரே அனுப்பினார்.

எல்லாரும் சுலபமாகப் பயன்படுத்தினோம் என்று முடிவு கட்டி, எங்களோடு படமும் எடுத்துக்கொண்டு போனார்.

இன்று குழாயில் காற்றுதான் வருகிறது. எதை அமுக்குவது என்று தெரியாமல், ஆளுக்கொரு போனோடு லயத்து வீடுகளின் வாசலில் நிற்கிறோம். அந்த விரல் இப்போது எந்த ஊரில் யாருக்கு உதவிக்கொண்டிருக்கிறதோ!