சேரலன்னு எழுதுங்க சார்

சரோஜாக்காவுக்குக் கடிதம் என்றாலே ஆகாது. வாயால் சொன்னால் இரண்டு வார்த்தையில் முடிகிற சங்கதியைத் தாளில் ஏற்றும்போது மட்டும் மனுஷன் ஏன் இப்படி மீசையை முறுக்கிக்கொள்கிறான் என்பது அவருடைய தீராத சந்தேகம். முழுப் பெயர் சரோஜாதேவி, வயது ஐம்பத்திரண்டு. அடையாறில் ஒரு சிறுநீரக ஆராய்ச்சி மையத்தில் பன்னிரண்டு வருஷமாக வேலை. கழுத்தில் தொங்கும் அட்டையில் ‘கள உதவியாளர்’ என்று போட்டிருக்கும். அப்படியென்றால் என்ன என்று யாராவது கேட்டால், “டாக்டருங்க சொல்றத ஜனங்களுக்குச் சொல்றது, ஜனங்க சொல்றத டாக்டருங்களுக்குச் சொல்றது, நடுவுல ரெண்டு பேராண்டயும் திட்டு வாங்குறது” என்பார்.

மையத்தில் நடக்கும் ஆராய்ச்சி இதுதான். ஒருவருடைய சிறுநீரகத்தை இன்னொருவருக்குப் பொருத்தினால், வாங்கிக்கொண்ட உடம்பு அதைச் சும்மா விடாது. யாரடா நீ என்று மல்லுக்கு நிற்கும். அதை அடக்கி வைக்கத்தான் ஆயுசுக்கும் மாத்திரை. அதையும் மீறிச் சிலருக்குச் சண்டை மூண்டுவிடும். மூளப் போவதை ரத்தத்திலும் சிறுநீரிலும் முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா என்று பார்க்கிறார்கள். இருநூற்றுப் பத்துப் பேர் இதில் பெயர் கொடுத்திருந்தார்கள். யார் வீட்டுக்கு எந்த பஸ், யார் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார், யார் போட்டேன் என்று புளுகுகிறார் என்பதெல்லாம் சரோஜாக்காவுக்குத் தலைகீழ்ப் பாடம். எந்தப் போனையும் “நேரம் தவறாம மாத்திரையப் போடு” என்று சொல்லாமல் வைக்கமாட்டார்.

அந்த இருநூற்றுப் பத்தில் ஒருவன் கதிரேசன். கோவில்பட்டிக்காரன், தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பட்டுப்புடவை விற்பவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் மனைவி ரத்னா தன் சிறுநீரகம் ஒன்றை அவனுக்குக் கொடுத்தாள். “வீட்டுல அதிகாரம் பூரா ஏற்கெனவே அவ கையிலதான். இப்ப வயித்துக்குள்ளயும் ஒரு பிராஞ்ச் தொறந்துட்டா” என்று சிரித்துக்கொண்டே சொல்வான். நல்ல ஜோடி. சரோஜாக்காவுக்கு இருவரையும் பிடிக்கும், வெளியே காட்டிக்கொள்ளமாட்டார்.

ஆடித் தள்ளுபடி தொடங்கிய வாரம் கதிரேசனின் ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறியிருந்தது. சிறுநீரகம் சுணங்கினால் ஏறுகிற அளவு அது. 1.2 இருந்தது 1.9 ஆகியிருந்தது. திசுவைப் பரிசோதித்துச் சொல்லும் டாக்டர் ஆயத், ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

“சரோஜாம்மா, ஊசி போட்டுக் கொஞ்சம் திசு எடுத்துப் பார்க்கணும். இந்த வாரத்துக்குள்ள பார்த்தா காப்பாத்திடலாம். ஆடி முடியட்டும்னு அவர் இழுத்தடிச்சார்னா அந்தக் கிட்னி போயிடும்.”

அலுவலகத்திலிருந்து வழக்கமான கடிதம் போனது. ‘தங்களது உடல், பொருத்தப்பட்ட சிறுநீரகத்தை நிராகரிப்பதற்கான அறிகுறிகள் தென்படுகின்றன. எனவே திங்கட்கிழமை திசுப் பரிசோதனைக்கு வருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்.’

திங்கட்கிழமை கதிரேசன் வரவில்லை. சரோஜாக்கா ஏழு தடவை போன் போட்டார். தள்ளுபடி சமயத்தில் கடைக்காரர்கள் விற்பனையாட்களின் போனை வாங்கி லாக்கரில் பூட்டிவிடுவார்கள், அதனால் கிடைக்கவில்லை. ரத்னாவின் போன் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் சரோஜாக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கோடம்பாக்கத்துக்கு பஸ் ஏறினார்.

கதவைத் திறந்த ரத்னாவுக்கு முகமெல்லாம் வீங்கியிருந்தது. கடிதம் பிரிட்ஜ் மேல் கிடந்தது.

“படிச்சீங்களாக்கா இத? நிராகரிக்குதாம். நான் ஆசையாக் குடுத்தத அவரு உடம்பு நிராகரிக்குதாம். என்னக்கா கொறை கண்டாரு அதுல? மூணு நாளா அவருகூட நான் பேசல.”

“அதுக்கு அவரு இன்னா சொன்னாரு?”

“அவரும் பேசல. என் மூஞ்சியக்கூடப் பாக்காம கடைக்குப் போயிருதாரு.”

சரோஜாக்காவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அது உதட்டுக்கு வருவதற்குள் வேறொரு கடிதம் ஞாபகத்துக்கு வந்து சிரிப்பை விழுங்கிவிட்டது. ஏழு வருஷத்துக்கு முன்னால் அடையாற்றங்கரையில் இருந்த அவர் வீட்டுக்கும் அரசாங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பிறந்து, கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்ற வீடு. அதில் அவரை ‘ஆக்கிரமிப்பாளர்’ என்று எழுதியிருந்தார்கள். வீட்டைக் காலி செய்து, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்து அடுக்குமாடிக்குப் போகச் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். அந்த ஒரு சொல்லை மட்டும் அவரால் பொறுக்க முடியவில்லை. நான் யாரை ஆக்கிரமித்தேன் என்று பல நாள் பஸ்ஸில் தனக்குள் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார். ஆகவே ரத்னா ஏன் அழுகிறாள் என்பது அவருக்கு நன்றாகவே புரிந்தது. என்ன சொல்லித் தேற்றுவது என்பதுதான் தெரியவில்லை.

“கொஞ்சம் தண்ணி குடும்மா.”

ரத்னா சொம்பை நீட்டினாள். வெதுவெதுப்பாக இருந்தது.

“காய்ச்சுன தண்ணிக்கா. எங்க வீட்டுல எப்பவும் இதான். கல்யாணமாகி வந்த புதுசுல மெட்ராஸ் தண்ணி எனக்குச் சேரல. அஞ்சு மாசம் உடம்பெல்லாம் தடிப்பு.”

சரோஜாக்கா சொம்பைக் கீழே வைத்தார். “இன்னா சொன்ன?”

“தண்ணி சேரலன்னேன்.”

“மெட்ராஸு உன்னிய வேணான்னு சொல்லிச்சா?”

“சேச்சே. சேரல, அவ்வளவுதான்.”

“பொட்டியத் தூக்கிக்கினு ஊருக்குப் போய்ட்டியா?”

“எதுக்குப் போறேன்? டாக்டர்கிட்ட காட்டுனோம், மாத்திரை குடுத்தாரு. அப்புறம் சேந்துருச்சு.”

“அவ்ளோதான் கண்ணு இதுவும்! உன் கிட்னி அவரு ஒடம்புக்கு இப்போ கொஞ்சம் சேரல. வேணான்னு அவரா சொன்னாரு? உள்ள நடக்குறது அவருக்கு இன்னா தெரியும் பாவம். மருந்து ஏத்துனா சேந்துக்கும். இப்டியே ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கினு இருந்தீங்கன்னா, அப்பறம் எப்பவும் சேராது.”

ரத்னா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவளுக்குக் கோபம் வந்தது, நல்ல ஆரோக்கியமான கோபம். “அப்ப அப்படியே எழுதித் தொலைக்க வேண்டியதுதான?”

“அத்த நான் பாத்துக்கறேன். நீ மொதல்ல செருப்ப மாட்டு.”

பனகல் பார்க் தாண்டியதும் ஆட்டோ நகரவில்லை. இருவரும் இறங்கிக் கூட்டத்தில் நீந்திக் கடைக்குள் போனார்கள். மூன்றாவது மாடியில் கதிரேசன் ஒரு கல்யாணக் கோஷ்டிக்குப் புடவை விரித்துக்கொண்டிருந்தான். சரோஜாக்கா இடித்துப் பிடித்து ஒரு ஸ்டூலைக் கைப்பற்றி அவன் எதிரில் உட்கார்ந்தார்.

“நைனா, அந்த அரக்கு கலர எடு.”

பழக்க தோஷத்தில் கை புடவைக்குப் போய்விட்டது. பிறகுதான் நிமிர்ந்து பார்த்தான். சரோஜாக்காவுக்குப் பின்னால் ரத்னா நின்றுகொண்டிருந்தாள்.

“மாத்திரை போட்டீங்களா?” என்று கேட்டாள். மூன்று நாளில் அவள் அவனிடம் பேசிய முதல் பேச்சு அது.

கதிரேசனுக்குக் கண் கலங்கிவிட்டது. ராத்திரி எட்டு மணி மாத்திரையைத் தள்ளுபடிக் கூட்டத்தில் நாலைந்து நாள் விட்டுவிட்டதாக அங்கேயே ஒப்புக்கொண்டான். “நிராகரிச்சாச்சுன்னு கடிதாசுல போட்டிருந்துச்சுக்கா. இனி வந்து என்னத்துக்குன்னு இருந்துட்டேன். இவ குடுத்ததக் காப்பாத்தத் துப்பில்லாம, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இவகிட்டப் பேச?”

“இதே மூஞ்சி போதும், எழுந்திரு” என்றார் சரோஜாக்கா. சூப்பர்வைசர் ஏதோ சொல்ல வந்தார். சரோஜாக்கா பார்த்த பார்வையில் அவர் வேறு கவுண்டர் பக்கம் போய்விட்டார்.

புதன்கிழமை ஊசியில் நூல் மாதிரி ஒரு துணுக்குத் திசு எடுத்தார்கள். மறுநாள் டாக்டர் ஆயத் இருவரையும் தன் அறைக்கே கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பைக் காட்டினார். முதலில் ரத்னா குனிந்து பார்த்தாள். தன் உடம்பில் முப்பத்து நாலு வருஷம் இருந்ததை அவள் இப்போதுதான் பார்க்கிறாள். “அழகாத்தான் இருக்கு” என்று மெதுவாகச் சொன்னாள்.

அடுத்து கதிரேசன் பார்த்தான். தொழில் புத்தி போகுமா? “அடிக் கலரு வெங்காயம். அதுல புட்டா வாடாமல்லி. இந்த உருண்டையெல்லாம் நூல்கண்டு மாதிரி இருக்கே, என்ன டாக்டர்?”

“அதுதான் ரத்தத்தை வடிகட்டும். அது நல்லா இருக்கு. சுத்தி இருக்கிற குழாய்களைப் பாருங்க. ஒரு குழாய்க்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல கறுப்புப் புள்ளியா மொய்க்குதே, அதெல்லாம் உங்க உடம்பு அனுப்பின அணுக்கள்.”

கதிரேசன் கண்ணை எடுக்காமல் சொன்னான், “ஆடி மாச ரங்கநாதன் தெரு.”

டாக்டர் ஆயத் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். “ரொம்ப சரி. கூட்டம் தெருவோட நின்னா நாங்க இவ்வளவு பயப்படமாட்டோம். இங்கே கடைக்குள்ளேயும் நுழைஞ்சிருக்கு பாருங்க, குழாயோட சுவருக்குள்ள. ஆனா சரக்கை இன்னும் நாசம் பண்ணலை. மூணு நாள் மருந்து ஏத்தினா கூட்டம் கலைஞ்சுடும்.”

மூன்று நாள் ஏற்றினார்கள். 1.9 இருந்தது 1.7 ஆகி, இரண்டு வாரத்தில் 1.4-க்கு இறங்கியது. செய்தி வந்தபோது சரோஜாக்கா ரத்த மாதிரிக் குப்பிகளுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தார். ஒரு குப்பிக்கு இரண்டு பெயர் ஒட்டிவிட்டார், அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் ரத்னாவுக்குக் கொடுத்த வாக்கு பாக்கி இருந்தது. நோயாளிகளுக்குப் போகும் கடிதத்தில் ஒரு எழுத்தை மாற்றுவதென்றாலும் மையத்தின் நெறிமுறைக் குழு சம்மதிக்க வேண்டும். சரோஜாக்கா டாக்டர் ஆயத்தை அரித்து எடுத்து, ஆவணியில் கூடிய குழுவின் முன்னால் போய் நின்றார். குழுவில் தமிழுக்கென்று இருந்தவர் ராஜகோபாலன், அபிராமபுரத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற பேராசிரியர். நிராகரிப்பு என்ற சொல்லை அந்தக் கடிதத்தில் போட்டதே அவர்தான்.

“அதுதாம்மா சரியான கலைச்சொல். சேரலேங்கறது பேச்சு வழக்கு இல்லையோ?”

“சார், தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க வூட்டம்மா வெச்ச சாம்பாரு உங்களுக்குச் சேரலன்னு வெச்சுக்குங்க. ‘உன் சாம்பாரை நிராகரிக்கிறேன்’னு சொல்வீங்களா?”

ராஜகோபாலன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எங்காத்துல அப்படிச் சொல்லிட்டு அப்புறம் எங்கேம்மா போய்ச் சாப்பிடறது?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

“அதான் சார். சேரலன்னு எழுதுங்க சார். வேணான்னு சொல்லிட்டா பேச்சு முடிஞ்சுபோச்சு. சேரலன்னா, சேர வைக்கலாம்னு தோணும். ஜனங்க ஓடியாருவாங்க.”

ராஜகோபாலன் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு பேனாவை எடுத்து நிராகரிப்பை அடித்துவிட்டு, ‘சேரவில்லை’ என்று எழுதினார். அந்த ‘வில்லை’யை மட்டும் அவர் விட்டுத்தரவில்லை. “போவட்டும் சார், வில்லைதானே, கிட்னிக்காரங்களுக்கு அது இல்லாம முடியுமா” என்று பையிலிருந்த மாத்திரைப் பெட்டியை எடுத்துக் கிலுக்கிக் காட்டிவிட்டு வந்தார் சரோஜாக்கா.

கார்த்திகையில் கதிரேசனுக்கு 1.2. சாயந்திரம் ரத்னா, சரோஜாக்காவோடு அடையாறு பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள். கதிரேசன் மருந்துக்கடைக்குப் போயிருந்தான். ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது. சரோஜாக்கா அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

“பெரும்பாக்கத்துக்குப் போயி ஏழு வருஷமாச்சுன்னீங்களே, பழகிருச்சாக்கா?”

“தண்ணி சேந்துக்கிச்சு. அக்கம்பக்கமும் சேந்துக்கிச்சு.” சரோஜாக்கா பையை மறு தோளுக்கு மாற்றினார். “மன்சுக்குத்தான் இன்னும் முழுசா சேரல. மருந்து சாப்ட்டுக்கினு கீறேன்.”

“என்ன மருந்துக்கா?”

“காலைல எட்டு மணிக்கு அடையாறு பஸ்ஸு.”

பெரும்பாக்கம் பஸ் வந்து நின்றது. படியில் ஏறிய சரோஜாக்காவைப் பார்த்து அவள் கையை ஆட்டிக் கத்தினாள்.

“நேரம் தவறாமப் போடுங்கக்கா!”

சரோஜாக்கா சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.